அளவுக்காக ஒரு கை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் கப்பல் ரசிகர் சங்கத்தின் புது இதழ் அச்சாகி வந்துவிட்டது. வழக்கம்போல உனக்கு ஒன்று. இது பன்னிரண்டாவது. முந்தைய பதினொன்றையும் நீ பிரித்தாயா என்று தெரியாது, கேட்கவும் போவதில்லை. அப்பா போன பிறகு, "இனிமே எனக்குப் போன் பண்ணாத" என்றாய். பண்ணவில்லை. தபால் அனுப்பாதே என்று நீ சொல்லவில்லை.

இந்த இதழில் என் கட்டுரைதான் முதலில் இருக்கிறது. சின்ன வயதில் பக்கத்து வீட்டு டிவியில் நாம் இருவரும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்போமே, விண்வெளிக் கப்பல் தொடர், நினைவிருக்கிறதா? படப்பிடிப்புக்கான பெரிய கப்பலைக் கட்டும் முன், வடிவம் சரிவருமா என்று பார்க்க மரத்தில் சின்னதாக ஒரு மாதிரி செய்தார்கள் என்று முப்பது வருஷமாகப் பேச்சு. அதை யாரும் பார்த்ததில்லை. இப்போது ஸ்டுடியோவில் வேலை பார்த்த ஒரு போட்டோகிராபரின் பழைய பெட்டியிலிருந்து நெகட்டிவ் ஒன்று கிடைத்து, என் கைக்கே வந்து சேர்ந்தது. நானே பிரிண்ட் போட்டேன். அட்டையில் இருப்பது அதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

பதினொன்றையும் பிரிக்கவில்லை. பல்செட் செய்கிற என் லேபில், ப்ளாஸ்டர் மூட்டைக்குக் கீழே, ஈரம் ஏறாமல் இருக்க அடுக்கி வைத்திருக்கிறேன். நல்ல தடிமனான காகிதம். இந்தத் தடவை கண்ணாடிக் கவரில் அனுப்பித் தொலைத்துவிட்டாய், அட்டை வெளியே தெரிந்தது. நாலு பேருடைய மேல்வரிசைப் பல்செட் பாக்கி கிடக்கிறது. உருக்கின மெழுகை அப்படியே ஆறவிட்டுவிட்டு உட்கார்ந்து உன் கட்டுரை முழுவதையும் படித்தேன்.

ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய்: "கப்பலைத் தாங்கும் இரண்டு கால்களில், இடது கால் வலது காலைவிட ஐந்து மில்லிமீட்டர் குட்டை. இது வடிவமைப்பு அல்ல. கைப்பழக்கம் போதாத ஒரு தச்சரின் தவறு. இதனாலேயே இந்த மாதிரி ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்." யார் அந்தத் தச்சர் என்று உனக்குத் தெரியுமா? தெரியாத ஒரு மனுஷனைக் கைப்பழக்கம் போதாதவர் என்று அச்சில் ஏற்ற எப்படி மனசு வந்தது? பஸ் பாடி கட்டும் பட்டறையில் நீ போட்ட வரைபடத்தை ஒருவன் இப்படிச் சொல்லியிருந்தால் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய்.

அதே பக்கத்தில், படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒன்று போட்டிருக்கிறாய். "அளவுக்காக: அடையாளம் தெரியாத கை." அந்தக் கையை இன்னொரு தடவை பார். எதையும் லென்ஸ் வைத்துப் பார்க்கிறவன்தானே நீ. பார்த்துவிட்டு எழுது.

அக்கா


மார்ச் 17

அக்கா,

ஆறு வருஷம் கழித்து உன் கையெழுத்து. திட்டுவதற்காகவாவது எழுதினாயே.

நீ சொன்னபடி கையைப் பார்த்தேன், மறுபடியும் அளந்தேன். உன் சந்தேகம் அளவைப் பற்றியது என்று நினைக்கிறேன். படத்தில் ஸ்கேல் எதுவும் இல்லை. மாதிரியைத் தூக்கிப் பிடித்திருக்கும் கை மட்டும்தான் இருக்கிறது. சாதாரணமாக ஓர் ஆளின் கட்டைவிரல் இருபது மில்லிமீட்டர் அகலம் இருக்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் மாதிரியின் நீளம் இருபத்தைந்து சென்டிமீட்டர், கால்களின் வித்தியாசம் ஐந்து மில்லிமீட்டர். சங்கத்தில் "ஆணி" என்று ஒருவர் இருக்கிறார், பத்தொன்பது வருஷமாகக் கப்பலின் திருகாணித் துளைகளை மட்டுமே ஆராய்கிறவர். லேசில் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார். அவரே ஒத்துக்கொண்டார். மோதிர விரல் மட்டும் தெளிவாக இல்லை. உள்பக்கமாக மடங்கியிருக்கிறது, அதனால் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

தவறு என்று வாய்க்கு வந்ததை எழுதிவிடவும் இல்லை. திரையில் வந்த பெரிய கப்பலில் வலது கால் கொஞ்சம் குட்டை. அதனால் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும், யாரோ பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி. "சாய்வு" என்றே நாங்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். கப்பலின் உயிரே அதில்தான் இருக்கிறது. அதற்காகத்தான் வடிவமைப்பாளரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறோம். இந்த மர மாதிரியில் குட்டையாக இருப்பது இடது கால். நேர் எதிர்ப்பக்கம். சாய்வுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆகவே வெறும் பிழை.

முகம் தெரியாத தச்சர் மேல் உனக்கு ஏன் இவ்வளவு அக்கறை? அப்பாவும் ஸ்டுடியோத் தச்சர் என்பதாலா? அவர் செய்தது செட்டுக் கதவும் ஜன்னலும். கப்பல் டிவியில் வந்தாலே விருட்டென்று எழுந்து வெளியே போகிறவர். அவர் சார்பில் நீ கோபப்பட இதில் ஒன்றுமில்லை.

தம்பி


மார்ச் 22

மடங்கவில்லையடா. அங்கே விரலே இல்லை. மோதிர விரலின் மேல் கணு இல்லை.

அரை விரலை மூக்குத் துவாரத்தில் வைத்துக்கொண்டு, "ஐயையோ, மூளை வரைக்கும் போயிடுச்சு, யாராச்சும் புடிச்சு இழுங்க" என்று நம்மை அலறவிடுவாரே ஒருவர், அந்த விரல். விக்கல் வரும் வரை சிரிப்பாய் நீ. தண்ணீர் கொண்டு வருவது என் வேலை.

அப்பாவின் கட்டைவிரலை ஸ்கேலாக வைத்து அளந்திருக்கிறாய். அப்பாவின் கை என்று உனக்குத் தெரியவில்லை.

ஒன்றே ஒன்று எனக்கும் புரியவில்லை. ரம்பத்தில் போனது இடது கை விரல். உன் படத்தில் இருப்பது வலது கை. அப்பாவின் வலது கையில் ஐந்தும் முழுசாக இருந்தன. கடைசி வரை கூட இருந்தவள் நான், எனக்குத் தெரியாதா? பெரிய நிபுணன் ஆயிற்றே, நீயே சொல்.

அக்கா


மார்ச் 29

அக்கா,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அன்றிலிருந்து பட்டறைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன்.

நெகட்டிவைத் திருப்பி வைத்துப் பிரிண்ட் போட்டுவிட்டேன். பிலிமின் மங்கலான பக்கம் கீழே இருக்க வேண்டும், நான் மேலே வைத்துவிட்டேன். ஓரத்தில் எண் இருந்திருந்தால் இடவலமாகத் தெரிந்து என்னைக் காட்டிக் கொடுத்திருக்கும். அந்த ஓரத்தை யாரோ வெட்டியிருந்தார்கள். படத்துக்குள் எழுத்து எதுவும் இல்லை. சங்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்லுவேன். "எழுத்தப் பாரு, கடிகாரத்தப் பாரு, சட்டை பட்டன் எந்தப் பக்கம்னு பாரு, அப்புறமா ஸ்கேல எடு." எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! கையைப் பார் என்று ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

சரியாகத் திருப்பிப் போட்டேன். கை இடது கை ஆயிற்று. அதோடு குட்டைக் காலும் வலது கால் ஆயிற்று.

அக்கா, அதுதான் சாய்வு. இவ்வளவு காலம் வடிவமைப்பாளரின் மூளையில் உதித்தது என்று நாங்கள் கொண்டாடிய அதே சாய்வு, அவர் பெரிய கப்பலுக்கு வரைபடம் போடுவதற்கு முன்பே இந்த மரத்துண்டில் இருக்கிறது. அப்பா அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உனக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எப்படிப் புரியவைப்பேன்! கண்காட்சியில் பெரிய கப்பலை வைத்திருந்தபோது, பார்க்க வந்தவர்கள் ஒருவர் விடாமல் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்கள். தாங்கள் சாய்ந்து நிற்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அந்தச் சாய்வோடு தோளில் பச்சை குத்திக்கொண்ட ஆட்களை எனக்குத் தெரியும். ஒரு கப்பலுக்கு ஆள் மாதிரி மனசு இருக்கிறது என்று எனக்கு ஏழு வயதில் தோன்றியதே, அதற்குக் காரணம் அந்த ஒரு கால்தான்.

உனக்கு எப்படித் தெரியும்? அட்டையைப் பார்த்த உடனேயே தச்சருக்காகச் சண்டைக்கு வந்தாய், ஆகவே முன்பே தெரியும். அப்பா எப்போது சொன்னார்? ஏன் என்னிடம் சொல்லவில்லை? கப்பல் வந்ததும் ஏன் எழுந்து போனார்? அவருக்கு அது பிடிக்காது என்று நினைத்தேன். அதன் பின்னால் பைத்தியமாகத் திரிகிற என்னையும் பிடிக்காது என்று நினைத்தேன்.

தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்தக் கால் குட்டையாக இருப்பது நல்ல விஷயமா? நிஜமாகவா? ஊர் உலகமே கொண்டாடுகிறதா? சத்தியமாக எனக்குத் தெரியாது. முன்பே நீ சாய்வு என்று எழுதியபோது, சங்கத்துப் பைத்தியம் என்று தாண்டிப் போய்விட்டேன். பன்னிரண்டு வயதோடு அந்தத் தொடரை விட்டவள் நான். உன்னோடு பேச்சும் நின்றது, கப்பலைப் பற்றி எனக்குச் சொல்ல வேறு ஆளும் இல்லை.

சரி, சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அந்த வெள்ளிக்கிழமை. வலது கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது, இடது கை போர்வை மேல் சும்மா கிடந்தது. அந்தக் கையை அப்படியே போகவிட எனக்கு மனசு வரவில்லை. பல் அளவு எடுக்க நோயாளி வாயில் வைத்து அழுத்துவோமே, ரோஸ் நிறப் பசை, அதில் நாலு பாக்கெட்டும் ஒரு பிளாஸ்டிக் ஜாடியும் லேபிலிருந்து கொண்டுபோயிருந்தேன். நர்ஸ் சத்தம் போட்டாள். அப்பா சிரித்தார். "என்னம்மா, என் கைக்கும் பல்லு கட்டப் போறியா?" என்றார். கையை ஜாடிக்குள் விட்டு, பசை இறுகும் வரை நாலு நிமிஷம் அசையக் கூடாது என்றேன். "சும்மா வெச்சிருக்க வராதும்மா. எதையாச்சும் புடிச்சிருக்கற மாதிரி வெச்சுக்கறேன்" என்று உள்ளுக்குள் விரல்களை வளைத்துக்கொண்டார். அந்த நாலு நிமிஷத்தில்தான் சொன்னார்.

"டிவில ஒரு கப்பல் வருமே, நீங்க ரெண்டு பேரும் பாப்பீங்களே, அத மொதல்ல செஞ்சது நான்தாம்மா. அவசர வேலை. வலது காலுக்கு மரம் பத்தல. சாயங்காலம் ஒருத்தர் போட்டோ எடுக்கணும்னார், கைல புடிச்சுக்கிட்டு நின்னேன். காலைல வந்து வேற துண்டு போட்டு மாத்திக்கலாம்னு வெச்சுட்டுப் போனேன். நான் வர்றதுக்குள்ள எடுத்துட்டுப் போயிட்டாங்க. பெருசா கட்டறப்பவும் அதே மாதிரி குட்டையாவே கட்டிட்டாங்க. ஓடிப் போயி, 'ஐயா, அது என் தப்பு, திருத்திக் கட்டுங்க'ன்னேன். 'போய் உன் வேலையப் பாருப்பா'ன்னுட்டாங்க. அப்புறம் வாராவாரம் டிவில வந்து நிக்கும். என் கண்ணு நேரா அந்தக் கால்லதான் போயி நிக்கும். நம்ம தப்ப ஊரே பாக்குதேன்னு இருக்கும். அதான் எந்திரிச்சுப் போயிடுவேன்."

"விடுங்கப்பா, அத யாரு பாத்திருக்கப் போறா" என்றேன். அதற்கு அவர், "அவன் பாத்திருப்பான். மில்லிமீட்டர் விடாம பாக்கறவன். அப்பன் செஞ்சதுன்னு தெரிஞ்சா அவனுக்கு அசிங்கமா இருக்கும்னுதான் சொல்லவே இல்ல" என்றார். பிறகு, "அவன் வரானா?" என்றார். வழியில இருக்கான்ப்பா என்றேன்.

நீ வழியில் இல்லை. எங்கே இருந்தாய் என்று நம் இருவருக்கும் தெரியும். மறுநாள் காலையில் அப்பா போய்விட்டார். நீ மத்தியானம் வந்தாய்.

உனக்கு இதைத் தெரிந்துகொள்ளும் அருகதை இல்லை என்று நினைத்தேன். அதனால் சொல்லவில்லை. ஆனால் நீ எழுதியதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நிமிஷம் உனக்கு ஒரு போன் போட்டு அப்பா காதில் வைத்திருந்தால் போதும். "தப்பில்லப்பா, அதுதான் அழகு" என்று ஒரே வாக்கியத்தில் நீ சொல்லியிருப்பாய். இத்தனை வருஷம் அவர் சுமந்த வெட்கம் அந்த ஒரு வாக்கியத்தில் இறங்கியிருக்கும். போன் என் இடுப்பில்தான் இருந்தது. வராதவனுக்கு என்ன போன் என்ற வீம்பில் நான் எடுக்கவில்லை. இவ்வளவு நாள் உன்னை மட்டும் குற்றவாளியாக்கி வைத்திருந்தேன்.

அக்கா


ஏப்ரல் 13

அக்கா,

அந்த நாட்களை நானும் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் மறுபடி எழுத தைரியம் வராது.

நீ செவ்வாய்க்கிழமை கூப்பிட்டாய். கண்காட்சியில் பெரிய கப்பலைக் கிட்டப் போய் அளக்க வியாழனும் வெள்ளியும் எனக்கு அனுமதி கிடைத்திருந்தது. சங்கத்திலேயே எனக்கு மட்டும். அப்பா இதற்கு முன் இரண்டு தடவை இப்படிப் படுத்து எழுந்தவர்தானே, சனிக்கிழமை போய்க்கொள்ளலாம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை முழுக்கக் கப்பலுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். வலது காலை எட்டுத் தடவை அளந்தேன். தேவையே இல்லை, இரண்டு தடவை போதும். விட்டு வர மனசில்லாமல் அளந்தேன். நீ "வழியில இருக்கான்ப்பா" என்று சொன்ன நேரத்தில் நான் அப்பாவின் தப்புக்குக் கீழேதான் படுத்து, என்ன அழகு என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அசிங்கமாக இருக்கும் என்று அவர் நினைத்தாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அவர் நினைத்ததும் சரிதானே? அச்சில் அப்படித்தானே எழுதியிருக்கிறேன்!

அப்பாவின் கையை எடுத்த அந்த ப்ளாஸ்டர் அச்சை என்ன செய்தாய்? இருக்கிறதா? பார்க்கக் கேட்கும் உரிமை எனக்கில்லை. திருத்தம் எழுத வேண்டும். கட்டைவிரலின் அகலத்தை மட்டும் அளந்து எழுதினால் போதும்.

தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

கட்டைவிரலின் அகலம் மட்டும் போதுமாம்! நீ திருந்தவே மாட்டாய்.

பல் அளக்கும் வெர்னியர் என்னிடமும் இருக்கிறது. ஆனால் நான் அளக்க மாட்டேன். கையையே அனுப்புகிறேன். மூன்று சுற்றுப் பஞ்சும் இரண்டு பெட்டியும் போட்டிருக்கிறேன், அவசரப்பட்டுக் கத்தியால் கிழிக்காதே. சுண்டு விரல் நுனியில் சின்னத் துளை இருக்கும். நான் அவசரத்தில் ப்ளாஸ்டர் ஊற்றியதில் நின்ற காற்றுக் குமிழி அது. "ஆணி"யிடம் காட்டிவிடாதே, இன்னொரு பத்தொன்பது வருஷம் அதைப் பிடித்துக்கொள்வார்.

ஆறு வருஷமாக என் மேசையில், பல் அச்சுகளுக்கு நடுவில் இருந்தது. டாக்டர் ஒருமுறை, "இது யாரோட கைம்மா?" என்று கேட்டார். "சும்மா, பழகறதுக்குச் செஞ்சது டாக்டர்" என்றேன். சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயம். நானும் இவ்வளவு நாள் அதை அடையாளம் தெரியாத கையாகத்தான் வைத்திருந்தேன். உன்னை மட்டும் சொல்லிக் குற்றமில்லை.

அளந்து முடித்ததும் ஒன்று செய். அப்பாவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடு. நான் சொன்னால் எடுபடாது. எனக்குக் கப்பலைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அவருக்குத் தெரியும்.

அக்கா


மே 24

அக்கா,

கை பத்திரமாக வந்து ஒரு மாதம் ஆகிறது. எழுதத் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது.

கட்டைவிரல் இருபத்து நான்கு மில்லிமீட்டர். நான் போட்டது இருபது. வாழ்நாள் முழுக்க உளி பிடித்த விரலைச் சாதாரண ஆளின் விரலாகக் கணக்கில் எடுத்திருக்கிறேன். அதனால் எல்லாமே மாறிவிட்டது. மாதிரி இருபத்தைந்து சென்டிமீட்டர் இல்லை, முப்பது. குட்டைக் காலின் குறை ஐந்து இல்லை, ஆறு. கட்டுரை எழுதியபோது என் கணக்கைக் கொடுத்து ஒரு மர நகல் செய்வித்திருந்தேன். அதை எடுத்து அப்பாவின் கையில் வைத்தேன். நிற்காமல் நழுவி மேசையில் விழுந்தது.

முப்பதில் நானே புதிதாகச் செய்ய ஆரம்பித்தேன். மூன்று கட்டை வீணாயிற்று. அக்கா, எனக்கு ரம்பம் நேராகப் போகவில்லை. கப்பலின் வயிற்றுப் பக்கத்தை உருட்டியே ஒரு வாரம் போயிற்று. கைப்பழக்கம் போதாத தச்சர் என்று எழுதிய ஆளை யாராவது அப்போது வந்து பார்த்திருக்க வேண்டும். படத்தில் தெரிகிற பக்கத்தை மட்டும்தான் செய்திருக்கிறேன். மறுபக்கம் எப்படி இருந்தது என்று அறிய வழியில்லை, வெறும் மரமாக விட்டுவிட்டேன்.

நேற்று மத்தியானம் முடிந்தது. எடுத்துக் கையில் வைத்தேன், உட்கார்ந்துவிட்டது. படத்தில் கட்டைவிரல் எங்கே படிந்திருக்கிறதோ அதே இடத்தில் படிந்தது. குறை விரலின் நுனி வயிற்றை எங்கே தொடுகிறதோ அங்கேயே தொட்டது. ஜாடிக்குள் அப்பா சும்மா விரலை வளைக்கவில்லை, அக்கா. உன்னிடம் கதை சொல்லிக்கொண்டிருந்த நாலு நிமிஷமும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அடுத்த இதழில் திருத்தம் வருகிறது. ஆசிரியர் ஆதாரம் கேட்டார், கையைப் படம் எடுத்து அனுப்பினேன். பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. தச்சரைப் பற்றிய வரிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, சாய்வு யாருடையது என்றும் எழுதியிருக்கிறேன். கடைசி வரி இது: "ஒன்பதாம் பக்கப் படத்தின் கீழே 'அடையாளம் தெரியாத கை' என்று இருப்பதை 'என் அப்பாவின் இடது கை' என்று திருத்தி வாசிக்கவும்."

நீ சொன்னதையும் செய்தேன். வீட்டில் யாரும் இல்லை, இருந்தும் கதவைச் சாத்திக்கொண்டேன். கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அது தப்பில்ல. மரம் பத்தாம நீங்க விட்டதத்தான் எல்லாரும் தலையச் சாச்சு நின்னு பாக்கறாங்க. எனக்கு அசிங்கமில்லப்பா" என்றேன்.

முதலில் பிடித்தபோது ப்ளாஸ்டர் சில்லென்று இருந்தது. ரொம்ப நேரம் பிடித்திருந்ததில் மெல்லச் சூடு ஏறிவிட்டது. அது என் கையின் சூடுதான் என்று எனக்குத் தெரியும், அக்கா. தெரிந்தும் விட முடியவில்லை.

தம்பி